எட்டாம் நாளின் இரண்டு தாள்கள்

அன்று காலை அக்காவின் கட்டிலோரத்தில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ரத்தப் பரிசோதனை முடிவு, இன்னொன்று நெஞ்சு ஸ்கேன் அறிக்கை. இன்ஃப்ளுயன்சா ஏ என்று உறுதியாகியிருந்தது. குளிர் எடுத்துக் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து எட்டாவது நாள்.

ரத்தம் தேறியிருந்தது. வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை நான்காம் நாள் 600-க்கு இறங்கியிருந்தது, இப்போது 1,100-க்கு ஏறியிருந்தது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் 96-லிருந்து 31-க்கு வந்துவிட்டது. காய்ச்சலும் முந்தின நாளே விட்டிருந்தது. ஆனால் ஸ்கேன் மோசமாகியிருந்தது. நான்காம் நாள் படத்தில் அங்கங்கே திட்டாகத் தெரிந்த மங்கல், எட்டாம் நாள் படத்தில் இரண்டு நுரையீரல்களின் கீழ்ப்பகுதியிலும் பரவி, சில இடங்களில் கெட்டியாகவே ஆகியிருந்தது.

"ரெண்டுல எதைடா நம்பறது?" என்று கேட்டாள்.

நான் கதிரியக்க மருத்துவன். பல வருடங்களாக நுரையீரல் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. ரத்த முடிவுகளைத் தேவைப்பட்டால் எட்டிப் பார்ப்பேன். மற்றபடி அது வார்டு மருத்துவர் பார்க்க வேண்டியது என்று விட்டுவிடுவது வழக்கம். "ரெண்டுமே சரிதான்க்கா" என்று சொன்னேன். அவள் முகத்தில் அந்தப் பதில் பதியவே இல்லை. எனக்கும் அது பதிலாகத் தோன்றவில்லை. அன்றிலிருந்து இந்த இரண்டு தாள்களையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதையே படித்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

தமிழில் எழுதும்போது ஒரு சின்னச் சிக்கல் வருகிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். ஸ்கேனையும் சி.டி. என்கிறோம், லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி-செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்களையும் சி.டி. என்கிறோம். ஆங்கிலத்தில் CT, CD என்று எழுத்துகள் வேறு, நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் படத்தை ஸ்கேன் என்று மட்டும் சொல்கிறேன். சி.டி.4, சி.டி.8 என்று எண்ணோடு வருவதெல்லாம் செல்.

ஸ்கேன் உண்மையில் அளப்பது அடர்த்தியை. 1971 அக்டோபரில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்த கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். அதற்காக அவரும் ஆலன் கோர்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அடர்த்தியை இன்றும் அவர் பெயரிலுள்ள அலகில்தான் சொல்கிறோம். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. நன்றாகக் காற்று நிறைந்த நுரையீரல் −850-ஐ ஒட்டி இருக்கும். அந்த எண் மேலே ஏறினால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அது கசிந்த நீரா, ரத்தமா, சீழா, செத்துப்போன செல்களா, சண்டைக்கு வந்து குவிந்த வெள்ளணுக்களா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. வைரஸ் படத்தில் தெரியவே தெரியாது.

நாங்கள் அதிகம் பயன்படுத்தும் இரண்டு சொற்கள் கிரவுண்ட் கிளாஸ், கன்சாலிடேஷன். கண்ணாடிச் சன்னலில் மூச்சுவிட்டால் படியுமே, அந்த மாதிரியான மங்கல் முதலாவது. பின்னால் ஓடும் ரத்தக் குழாய்கள் அப்போதும் தெரியும். இரண்டாவது வகையில் காற்று நுண்ணறைகள் முழுக்க நிரம்பிப்போகின்றன. குழாய்கள் வெள்ளையில் மறைந்துவிடும். காற்று மிச்சமிருக்கும் மூச்சுக்குழாய் மட்டும் கறுப்புக் கிளையாக நடுவே ஓடும்.

ஃப்ளூ நிமோனியாவில் இந்த இரண்டும் கலந்தே வரும், பெரும்பாலும் இரண்டு பக்கமும். 2009-இல் எச்1என்1 பரவியபோது எடுத்த படங்களில், மூச்சுக்குழாய்களை ஒட்டியும் நுரையீரலின் வெளியோரத்தை ஒட்டியும் திட்டுகள் அதிகம் தெரிந்தன. மூச்சுக்குழாயை ஒட்டி வருவதற்குக் காரணம் உண்டு. மனிதர்களிடம் வழக்கமாகப் பரவும் ஃப்ளூ வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூக்கிலும் மூச்சுக்குழாய்ச் சுவரிலும் நிறைய இருக்கின்றன. நோய் மேலே தொடங்கிக் கீழே இறங்குகிறது. எச்5என்1 போன்ற பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் விரும்பும் ஏற்பி வேறு. மனிதர்களில் அது நுரையீரலின் அடியாழத்தில், நுண்ணறைகளின் சுவரில் அதிகம் இருக்கிறது. அந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தொற்றாததற்கும், தொற்றிவிட்டால் நுரையீரலை நேராகத் தாக்குவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ரத்த அளவுகளோடு ஒப்பிட வேண்டுமானால் படத்தை ஓர் எண்ணாக மாற்றியாக வேண்டும். அதற்குப் பரவலான ஒரு வழி இருக்கிறது. நுரையீரலில் ஐந்து மடல்கள், வலதில் மூன்று, இடதில் இரண்டு. ஒவ்வொரு மடலிலும் எத்தனை சதவீதம் பாதிப்பு என்று கண்ணால் மதிப்பிட்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். மொத்தம் 25. அக்காவின் நான்காம் நாள் படத்துக்கு நானே போட்டுப் பார்த்தேன், 8 வந்தது. எட்டாம் நாள் 13.

இந்த எண்ணைப் பார்த்தால் ஏதோ துல்லியமாக அளந்தது போலத் தோன்றும். என் அனுபவத்தில் இதை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். ஒரே படத்துக்கு இரண்டு பேர் ஓரிரு புள்ளி வித்தியாசமாகப் போடுவது சாதாரணம். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்க முடியாத நோயாளிக்கு நுரையீரல் முழுக்கவே மங்கலாகத் தெரியும், அதில் நோய் எது, அரைமூச்சு எது என்று பிரிப்பது கடினம். மல்லாந்து படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகுப் பக்கம் நுரையீரல் அமுங்கி வெண்மையாகும், அதையும் பாதிப்பாக எண்ணிவிடும் வாய்ப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, இந்த மதிப்பெண் பரப்பை மட்டுமே எண்ணுகிறது. லேசான மங்கல் பாதி மடலில் இருந்தாலும், கெட்டியான நிரப்பு பாதி மடலில் இருந்தாலும் எண் ஒன்றுதான். மென்பொருள்கள் இப்போது ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் எண்ணித் தருகின்றன. அவை கண் மதிப்பீட்டை விடச் சீரானவைதான், ஆனால் அரைமூச்சுச் சிக்கல் அவற்றுக்கும் உண்டு.

சரி, ரத்தத்துக்கு வருவோம்.

கடுமையான ஃப்ளூவில் லிம்போசைட்டுகள் குறைவது மிகப் பழைய கவனிப்பு. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 1,000 முதல் 4,000 வரை இருப்பது இயல்பு. அக்காவுக்கு 600 ஆனது போல இறங்குவதைக் கடுமையான நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கிறோம். செல்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் கொடுத்தால், குறைவு பெரும்பாலும் டி-செல்களில்தான் என்று தெரியும். உதவி செய்யும் சி.டி.4, தொற்றிய செல்லைக் கொல்லும் சி.டி.8, இரண்டுமே இறங்கும். அதே நேரத்தில் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, ஐ.பி.-10 போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள், ஏறும். கல்லீரல் இன்டர்லூக்கின்-6-இன் உந்துதலில் சி.ஆர்.பி.யைத் தயாரித்து ஊற்றும். செல்கள் உடைவதால் அவற்றுக்குள் இருக்கும் எல்.டி.ஹெச். என்ற நொதி ரத்தத்தில் ஏறும்.

ரத்த அடையாளங்களின் வரலாற்றில் ஃப்ளூவுக்கென்று ஒரு தனி இடம் இருக்கிறது. 1957-இல் அலிக் ஐசக்ஸ், ஜான் லின்டென்மன் இருவரும் கோழிமுட்டைச் சவ்வில் ஃப்ளூ வைரஸை வைத்துச் செய்த சோதனைகளில்தான் இன்டர்ஃபெரான் கண்டுபிடிக்கப்பட்டது. சூட்டில் செயலிழந்த வைரஸைத் தொட்ட செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்தன. அந்தப் பொருள் மற்ற செல்களை உயிருள்ள வைரஸிடமிருந்து காத்தது. வைரஸுக்கு எதிரான உடலின் முதல் அலாரம் எது என்பதை ஃப்ளூ வைரஸை வைத்தே தெரிந்துகொண்டோம்.

படத்தையும் ரத்தத்தையும் அருகருகே வைத்தால் பொதுவாக என்ன தெரிகிறது? நுரையீரலில் பாதிப்பின் பரப்பு கூடக்கூட லிம்போசைட்டுகள் குறைவாகவும், சி.ஆர்.பி., எல்.டி.ஹெச்., இன்டர்லூக்கின்-6 ஆகியவை அதிகமாகவும் இருக்கும். கடுமை என்று வரும்போது இரண்டும் ஒரே திசையில்தான் கை காட்டுகின்றன. எச்5என்1 நோயாளிகளைப் பற்றி 2006-இல் வந்த ஆய்வில், இறந்தவர்களிடம் வைரஸின் அளவு அதிகமாகவும், சைட்டோகைன்கள் மிக அதிகமாகவும், ரத்தத்தில் டி-செல்கள் குறைவாகவும் இருந்தன. இதுவரை வியப்பு ஒன்றும் இல்லை. நோய் கடுமையானால் எல்லாமே கெடும்.

என்னை நிறுத்திய கேள்வி வேறு. ரத்தத்திலிருந்து போன லிம்போசைட்டுகள் எங்கே போயின?

உடலிலுள்ள மொத்த லிம்போசைட்டுகளில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பது எந்த நேரத்திலும் ஏறத்தாழ 2 சதவீதம்தான். மற்றவை நிணநீர்க் கணுக்களிலும், மண்ணீரலிலும், குடல், நுரையீரல் போன்ற திசுக்களிலும் தங்கியிருக்கின்றன. நாம் ஊசி குத்தி எடுத்து எண்ணுவது, வீடுகளை விட்டுவிட்டுச் சாலையில் நடப்பவர்களை மட்டும் எண்ணுவது போன்றது. சாலை வெறிச்சோடிக் கிடந்தால் ஊரில் ஆளில்லை என்றும் இருக்கலாம், எல்லோரும் ஒரு வீட்டில் கூடியிருக்கிறார்கள் என்றும் இருக்கலாம்.

ஃப்ளூவில் இரண்டுமே நடக்கிறது. ஒரு பங்கு செல்கள் நிணநீர்க் கணுக்களிலும் நுரையீரலிலும் போய்ச் சேர்கின்றன. ஐ.பி.-10 போன்ற வேதிப்பொருள்களின் வேலையே டி-செல்களை அழைத்து வருவதுதான், ரத்தத்தில் அது ஏறியிருப்பதே எங்கோ அழைப்பு போயிருக்கிறது என்பதன் அடையாளம். இன்னொரு பங்கு செல்கள் தாமாகவே மடிகின்றன. ஒற்றை எண்ணைப் பார்த்து இது எந்தப் பங்கு என்று சொல்ல வழியில்லை. ஆனால் தொடர்ந்து பார்த்தால் ஓரளவு தெரியும். போன செல்கள் சில நாட்களில் திரும்பி வந்தால், அதுவும் பெருகி வந்தால், அவை வேலைக்குப் போயிருந்தன என்று கொள்ளலாம். வராமலேயே இருந்தால் கவலைப்பட வேண்டும்.

2013-இல் சீனாவில் எச்7என்9 என்ற பறவைக் காய்ச்சல் வந்தபோது மருத்துவமனையில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. சீக்கிரம் குணமாகி வீடு திரும்பியவர்களிடம் வைரஸை அடையாளம் காணும் சி.டி.8 செல்கள் தொடக்கத்திலேயே வலுவாகத் தெரிந்தன. தாமதமாகக் குணமானவர்களிடம் அவை தாமதமாக வந்தன. அங்கே செல்களின் எண்ணிக்கையை விட அவை எந்த நாளில் வந்தன என்பதே நோயாளிகளைப் பிரித்துக் காட்டியது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. முன்பு வந்துபோன ஃப்ளூவின் நினைவாக நுரையீரலிலேயே குடியேறிவிடும் டி-செல்கள் உண்டு. அவை பெரும்பாலும் ரத்தத்துக்குத் திரும்புவதில்லை. ஒருவரின் நுரையீரலில் அவை நிறைய இருந்தால் நோய் லேசாகவே போய்விடலாம், ஆனால் அந்தக் காவலைப் பற்றி ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு வரியும் வராது. ஸ்கேனிலும் வராது. நாம் கையில் வைத்திருக்கும் இரண்டு தாள்களுமே பேசாத ஒரு முக்கியமான பகுதி நுரையீரலுக்குள் இருக்கிறது.

அப்புறம் நான் மிகவும் அழுத்தமாகச் சொல்ல விரும்பும் விஷயம், நேரம்.

வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு ஃப்ளூவில் வைரஸின் அளவு முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்துக்குள் அநேகமாக அடங்கிவிடும். இன்டர்ஃபெரான் மணிக்கணக்கில் வந்துவிடுகிறது. வைரஸுக்கென்றே பயிற்சி பெற்ற டி-செல்கள் நுரையீரலில் குவிய ஒரு வாரம் வரை ஆகிறது. சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். தூண்டுதல் நின்றுவிட்டால் ஒவ்வொரு நாளும் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் சி.ஆர்.பி. பேசுவது நேற்றையும் இன்றையும் பற்றி. ஸ்கேன் அப்படி இல்லை. நுண்ணறைகளில் கசிந்த புரதமும் ஃபைப்ரினும் செல் குப்பைகளும் ஒரு நாளில் கரைந்து போகாது. மேக்ரோஃபேஜ்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி அகற்ற வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். முதல் நாளிலிருந்து அன்று வரை நடந்த அத்தனை சேதமும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் படம்.

இன்னும் நுட்பமாகப் பார்த்தால், ஏழெட்டு நாட்களில் படத்தில் கூடும் வெண்மையில் ஒரு பங்கு சுத்தம் செய்ய வந்த படையாகவே இருக்கலாம். சி.டி.8 செல்கள் தொற்றிய செல்லைக் கொல்லும்போது நுண்ணறையின் சுவரும் சேர்ந்தே உடைகிறது, அதிலும் நீர் கசிகிறது. குணப்படுத்தும் வேலையும் சேதமும் ஒரே மங்கலாகத்தான் எனக்குத் திரையில் தெரிகின்றன.

எட்டாம் நாளில் அக்காவின் ரத்தம் தேறியதற்கும் படம் மோசமானதற்கும் இடையில் முரண்பாடு எதுவும் இல்லை என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. தூண்டுதல் அடங்கியதை ரத்தம் சொன்னது. அதுவரை நடந்தது எல்லாவற்றையும் படம் சொன்னது. என் "ரெண்டுமே சரிதான்க்கா" தவறான பதில் அல்ல. ஆனால் எது எந்த நாளைப் பற்றிப் பேசுகிறது என்று சேர்த்துச் சொல்லியிருந்தால்தான் அது அவளுக்குப் பதிலாகியிருக்கும்.

ஆய்வுகளைப் படிக்கும்போதும் நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான். ஸ்கேனும் ரத்தமும் ஒரே நாளில் எடுக்கப்பட்டனவா? நோய் தொடங்கிய எத்தனையாவது நாளில்? மூன்றாம் நாள் நோயாளியையும் பன்னிரண்டாம் நாள் நோயாளியையும் ஒரே வரைபடத்தில் புள்ளியாக வைத்தால், இருவருக்குமே ஸ்கேன் மதிப்பெண் 10 இருக்கலாம். ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார், மற்றவர் இறங்கிக்கொண்டிருக்கிறார். அவர்களின் சைட்டோகைன்கள் எதிரெதிராக இருந்தால், உண்மையில் வலுவான தொடர்பு கூட வரைபடத்தில் சிதறிய புள்ளிகளாகவே தெரியும்.

வேறு பள்ளங்களும் உண்டு. லேசான ஃப்ளூவுக்கு யாரும் ஸ்கேன் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு தருகிறது என்றால், வழக்கமான நெஞ்சு ஸ்கேன் 5 முதல் 7 வரை தருகிறது. அதனால் ஆய்வுக்குள் வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே மூச்சுத் திணறியவர்கள், அல்லது ரத்த முடிவு மோசமாக இருந்ததால் ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டவர்கள். மருத்துவமனைக்குள் வந்தவர்களை மட்டும் பார்த்தால் இல்லாத தொடர்பு இருப்பது போலவும், இருக்கிற தொடர்பு மறைந்தும் தெரியலாம் என்று புள்ளியியலாளர் ஜோசஃப் பெர்க்சன் 1946-இலேயே எழுதிவிட்டார். ஸ்கேன்-ரத்த ஒப்பீடுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

எண்களின் கூட்டமும் ஓர் ஆபத்து. ஒரே குழாய் ரத்தத்தில் முப்பது அடையாளங்களை அளக்க இன்று முடிகிறது. ஐந்து மடல்களின் மதிப்பெண், மொத்த மதிப்பெண் என்று ஸ்கேனிலிருந்து ஆறு எண்கள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 180 சோதனைகள். தற்செயலாக வரும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் தொடர்பு என்று ஏற்கும் வழக்கமான 0.05 எல்லையை வைத்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சுமார் 9 இடங்களில் தொடர்பு இருப்பதாகத் தற்செயலாகவே வரும். அந்த ஒன்பதையும் எடுத்துவைத்துக் கதை சொல்வது எளிது. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, ஆர்வம் போதும். தொடர்பு உண்மையாகவே இருந்தாலும் அதன் அளவைப் பார்க்க வேண்டும். இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் தொடர்புக் கெழு 0.5 என்றால் கேட்க நன்றாக இருக்கும். அதை வர்க்கப்படுத்தினால் 0.25. ஒன்றில் தெரியும் ஏற்றத்தாழ்வில் கால் பங்கைத்தான் மற்றது விளக்குகிறது. முக்கால் பங்குக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

மருந்துகளும் உள்ளே புகுந்து எண்களை மாற்றும். ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போசைட்டுகள் சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து இறங்கிவிடும், இன்னொரு வகை வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் ஏறும், சி.ஆர்.பி. குறையும். இன்டர்லூக்கின்-6-இன் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் கொடுத்திருந்தால் நோய் என்ன ஆனாலும் சி.ஆர்.பி. விழுந்துவிடும். ரத்தம் எடுப்பதற்கு முன் என்ன மருந்து போனது என்று தெரியாமல் அந்த முடிவை என் படத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கோவிட் காலத்தில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர்களைக் காத்ததால், எல்லா வைரஸ் நிமோனியாவுக்கும் அது உதவும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஃப்ளூவில் அப்படி இல்லை. கவனித்துப் பார்த்த ஆய்வுகளில் ஸ்டீராய்டு பெற்ற ஃப்ளூ நோயாளிகளிடம் இறப்பு அதிகமாகவே இருந்தது. மோசமானவர்களுக்கே அது கொடுக்கப்பட்டது என்பதும் அதில் கலந்திருக்கிறது. இருந்தாலும் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், வேறு காரணம் இல்லாமல் ஃப்ளூவுக்கென்று ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்கிறது. இரண்டு நோய்களின் ஸ்கேன்களை அடுத்தடுத்து வைத்தால் பல சமயம் என்னாலேயே பிரிக்க முடியாது. ஒரே மாதிரி படம் என்பதால் உள்ளே நடப்பதும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவும் சொன்னதால் ஒப்பீடே வீண் என்று நான் நினைப்பதாகத் தோன்றலாம். அப்படியில்லை. இரண்டும் ஒத்துப்போகும்போது எனக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, ஒத்துப்போகாதபோதுதான் கிடைக்கிறது.

உதாரணமாக, ஐந்தாம் நாள் தேறிக்கொண்டிருந்த ஒருவருக்கு மீண்டும் காய்ச்சல். படத்தில் ஒரு மடலில் மட்டும் புதிதாகக் கெட்டியான நிரப்பு, நடுவில் குழி. ரத்தத்தில் நியூட்ரோஃபில் ஏறுகிறது, புரோகால்சிடோனின் என்ற புரதமும் ஏறுகிறது. வைரஸ் தொற்றில் உண்டாகும் இன்டர்ஃபெரான் காமா புரோகால்சிடோனினை அடக்கி வைக்கும், பாக்டீரியா வந்தால் அது சில மணி நேரத்தில் துள்ளி எழும். படமும் ரத்தமும் சேர்ந்து இங்கே சொல்வது, ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா பின்தொடர்ந்து வந்துவிட்டது என்பதை. 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை மீண்டும் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டபோதும், பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் தடயங்கள் இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் பூஞ்சையையும் மறந்துவிடக் கூடாது. பெல்ஜியம், நெதர்லாந்து மருத்துவமனைகளில் ஃப்ளூவுக்காகத் தீவிர சிகிச்சை பெற்ற 432 பேரில் 19 சதவீதத்தினருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் தொற்று இருந்ததாக 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மூச்சுக்குழாயை ஒட்டிய புதிய முடிச்சுகளை நான் இப்போது 'ஃப்ளூவின் தொடர்ச்சி' என்று எழுதிவிட்டு நகர்வதில்லை.

இதற்கு மாறாக, படம் இரண்டு பக்கமும் வெண்மையாக இருந்து சி.ஆர்.பி. மிகக் குறைவாக இருந்தால், நுரையீரலில் இருப்பது அழற்சிதானா, இதயம் தளர்ந்து தேங்கிய நீரா என்று கேட்க வேண்டும். ஃப்ளூ இதயத்தையும் தொடும். அந்த ஒரு கேள்வி சிகிச்சையையே மாற்றிவிடும்.

ரத்த அடையாளங்களில் பெரும்பாலானவை நோயின் விளைவுகள். ஆனால் காரணமாகவே இருக்கக்கூடிய சிலவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. உயிருக்கு ஆபத்தான ஃப்ளூ நிமோனியா வந்தவர்களில் சுமார் 5 சதவீதத்தினரின் ரத்தத்தில், தங்கள் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு முன் 2015-இல், இன்டர்ஃபெரானைப் பெருக்க உதவும் ஐ.ஆர்.எஃப்.7 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பழுது இருந்த ஒரு குழந்தை கடுமையான ஃப்ளூவால் பாதிக்கப்பட்டது பதிவானது. இவர்களின் ரத்தத்தில் குறை முன்பே இருந்தது, படம் பின்னால் வந்தது. தொடர்பு என்ற சொல்லுக்குள் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மறைந்துகிடக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் நம்பிக்கை தருவது இந்தத் திசைதான். வெண்மை படர்ந்த பிறகு எண்ணுவதை விட, யாருக்குப் படரும் என்று முன்பே தெரிந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம்.

அக்கா பதின்மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் அடியில் மெல்லிய கோடுகள் மட்டும் மிச்சமிருந்தன. ரத்தத்தில் எல்லா எண்களும் இயல்பு. மாடி ஏறும்போது நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அது இரண்டு தாள்களிலும் இல்லை. நான் அதையும் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு ஸ்கேன் கோரிக்கை வந்தது. 'இன்ஃப்ளுயன்சா பாசிட்டிவ், மூச்சுத் திணறல்' என்று மட்டும் எழுதியிருந்தது. படம் தயாராக இருந்தது, திறக்கவில்லை. வார்டுக்குப் போன் செய்து காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது என்று கேட்டேன். செவிலியர் போய் நோயாளியையே கேட்டுவிட்டு வந்தார். "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளிர் எடுத்துச்சாம் சார்." அன்று வெள்ளி. ஆறாம் நாள் என்று அறிக்கையின் முதல் வரியில் எழுதினேன். காலையில் எடுத்த லிம்போசைட் எண்ணிக்கையையும் சி.ஆர்.பி.யையும் கேட்டு இரண்டாம் வரியில் எழுதினேன். பிறகுதான் படத்தைத் திறந்தேன்.